பழைய டிரில் பிரஸ்ஸை மீட்டெடுத்தல்: அளவு முதலில், வண்ணம் கடைசியில்

அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் வார்க்கப்பட்ட, தூணில் பொருத்திய துளையிடும் இயந்திரமான டிரில் பிரஸ் ஒன்று பெரும்பாலும் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் மூடிய நிலையில்தான் நம் கைக்கு வந்து சேர்கிறது. டெல்டா, வாக்கர் டர்னர், அட்லஸ், கிளாசிங் போன்ற அமெரிக்க இயந்திரங்களும், ஃபோப்கோ, மெடிங்ஸ் போன்ற பிரிட்டிஷ் இயந்திரங்களும் தடித்த வார்ப்பிரும்பால் செய்யப்பட்டவை. அவற்றின் தலைப்பகுதியும் மேசையும் எளிதில் தேய்வதில்லை. தேய்பவை பேரிங், பெல்ட், ஸ்பிரிங், மின்கம்பி போன்ற சிறு பாகங்களே. அவற்றை வீட்டுப் பட்டறையிலேயே மாற்றிவிடலாம். எனவே இத்தகைய இயந்திரத்தை மீட்டெடுப்பது பயன்தரும் வேலை. ஆனால் அந்த வேலையைப் பலர் தலைகீழான வரிசையில் செய்கிறார்கள். முதல் நாளே பழைய வண்ணத்தைச் சுரண்டிப் புது வண்ணம் பூசிவிட்டு, பிறகு துளையிட்டுப் பார்க்கும்போதுதான் ஸ்பிண்டில் ஆடுவதைக் கண்டுபிடிக்கிறார்கள். என் முதல் இயந்திரத்தில் நானும் அதையே செய்தேன். மூன்று வாரம் உழைத்துப் பூசிய வண்ணம், பேரிங் மாற்றுவதற்காகத் தலைப்பகுதியை மீண்டும் கழற்றியபோது ஓரம் முழுவதும் பெயர்ந்துவிட்டது. ஆகவே இந்த வழிகாட்டி அளவெடுப்பதில் தொடங்கி வண்ணத்தில் முடிகிறது.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

இரண்டு சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். துளையிடும் பிட்டைப் பற்றிப் பிடிக்கும் 'சக்' என்ற பாகத்தைத் தாங்கிச் சுழலும் தண்டு ஸ்பிண்டில். அந்தத் தண்டைப் பேரிங்குகளில் தாங்கிக்கொண்டு, தான் சுழலாமல் மேலும் கீழும் மட்டும் நகரும் உருளை வடிவ உறை குவில். கைப்பிடியைத் திருப்பும்போது இறங்கி வருவது இந்தக் குவில்தான். இயந்திரத்தின் தரம் முழுவதும் இவ்விரண்டிலும் அடங்கியிருக்கிறது. மற்றவை எல்லாம் இவற்றைத் தாங்கவும் இயக்கவும் உள்ளவை.

பழைய அமெரிக்க இயந்திரங்களை 14 அங்குலம், 17 அங்குலம் என்று குறிப்பிடுவார்கள். அந்த எண், நடுவில் துளையிடக்கூடிய மிகப்பெரிய வட்டமான வேலைத்துண்டின் விட்டத்தைக் குறிக்கிறது. 14 அங்குல இயந்திரத்தில் ஸ்பிண்டிலின் மையத்திலிருந்து தூணின் முகம் வரை 7 அங்குலமே இருக்கும். இதை அறியாமல் வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

விலை பேசுவதற்கு முன் குவிலை முழுவதும் இறக்கி, சக்கைக் கையால் பிடித்து முன்னும் பின்னும், இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். கையில் உணரும் அளவுக்கு 'டக்' என்ற ஆட்டம் இருந்தால், அது பேரிங்கில் இருக்கிறதா அல்லது குவிலுக்கும் தலை வார்ப்புக்கும் இடையில் இருக்கிறதா என்று கண்டறிய வேண்டும். குவிலின் கீழ் விளிம்பிலும் தலை வார்ப்பிலும் ஒரே நேரத்தில் விரல் நுனியை வைத்துக்கொண்டு சக்கை அசைத்தால், இரண்டுக்கும் நடுவே அசைவு தெரிகிறதா இல்லையா என்பது விரலுக்கே புலப்படும். பேரிங்கில் உள்ள ஆட்டத்தைச் சிறு செலவில் தீர்த்துவிடலாம். வார்ப்பின் துளையே தேய்ந்திருந்தால் அதைச் சரிசெய்வது கடினம். சில இயந்திரங்களில் தலை வார்ப்பு ஒரு பக்கம் பிளவுபட்டு, அந்தப் பிளவை ஒரு போல்ட் இறுக்கும்படி அமைந்திருக்கும். அத்தகைய வார்ப்பில் தேய்மானத்தை ஓரளவு இறுக்கி ஈடுசெய்யலாம்.

வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்பதை அடுத்துப் பாருங்கள். மேசையைத் தாங்கும் கிளையும் தூணைப் பற்றும் கழுத்தும் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டு உடைந்திருக்கும் வாய்ப்பு அதிகம். வண்ணத்துக்கு அடியில் முடி போன்ற கோடு தெரிந்தால் அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடி தூவுங்கள். விரிசலாக இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து பொடியில் ஈரக்கோடாக எழும். மேசையில் பழைய உரிமையாளர்கள் தவறுதலாகப் போட்ட துளைகள் இருந்தால் அதைப் பெரிய குறையாகக் கொள்ள வேண்டாம். அவற்றை அடைத்துவிட முடியும். அடைக்காவிட்டாலும் வேலை நடக்கும்.

கழற்றும் முன் அளந்து எழுதுங்கள்

0.01 மில்லிமீட்டர் அளவைக் காட்டும் டயல் கேஜ் ஒன்றும், அதைப் பற்றிப் பிடிக்கும் காந்தத் தாங்கி ஒன்றும் இந்த வேலைக்குத் தவிர்க்க முடியாதவை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாகச் சுற்றி அளவுகளை எடுக்க வேண்டும். மோட்டாரை ஓட்டி அளப்பது கேஜுக்கும் கைக்கும் கேடு.

முதலில் சக்கில் நேரான, சாணை பிடித்த எஃகுக் கம்பி ஒன்றை இறுக்கி, சக்கின் வாயை ஒட்டி ஓர் அளவும், அங்கிருந்து 75 மில்லிமீட்டர் கீழே ஓர் அளவும் எடுங்கள். இரண்டு இடங்களிலும் விலகல் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் மையம் பக்கவாட்டில் தள்ளியிருக்கிறது என்று பொருள். கீழே போகப்போக விலகல் கூடினால் ஏதோ ஒன்று சாய்ந்து நிற்கிறது. பிறகு சக்கைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டிலில் சக் அமரும் கூம்புப் பரப்பான டேப்பரிலேயே நேரடியாகக் கேஜின் முனையை வைத்து அளக்க வேண்டும். சக்கில் 0.15 மில்லிமீட்டர் விலகல் காட்டிய இயந்திரம் டேப்பரில் 0.02 மட்டுமே காட்டினால், குற்றம் ஸ்பிண்டிலில் இல்லை. சக்கை மாற்றினால் போதும். இந்த ஓர் அளவு எத்தனையோ பேருக்குத் தேவையற்ற பேரிங் மாற்றத்தை மிச்சப்படுத்தியிருக்கும். என் மதிப்பீட்டில் டேப்பரில் 0.03 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மிக நல்ல இயந்திரம், 0.05 வரை ஏற்றுக்கொள்ளலாம், சக்கில் 0.1 வரை இருந்தால் பொதுவான வேலைகளுக்குக் குறையில்லை.

குவிலை 50 மில்லிமீட்டர் இறக்கி, பக்கவாட்டில் கையால் தள்ளும்போது கேஜ் எவ்வளவு நகர்கிறது என்பதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்களைத் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் பதிந்து, ஒவ்வொரு கோணத்திலிருந்தும் ஒளிப்படமும் எடுத்துவைத்தால், வேலை முடிந்தபின் எது முன்னேறியது, எது அப்படியே இருக்கிறது என்று சொல்ல முடியும்.

பிரித்தெடுத்தல்

மின்சாரத்தைத் துண்டித்து, மோட்டாரை முதலில் இறக்கிவிடுங்கள். பழைய மோட்டாரில் கப்பாசிட்டர் இருந்தால், மின்தடையம் ஒன்றின் வழியாக அதன் மின்னூட்டத்தை வடித்துவிட்ட பிறகே முனைகளைத் தொட வேண்டும்.

தலைப்பகுதியைத் தூணில் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தியதும், முப்பது நாற்பது கிலோ எடையுள்ள வார்ப்பு எந்தத் தடையும் இல்லாமல் தூணில் சறுக்கி இறங்கும். எனவே மேசையை மேலே கொண்டுவந்து இறுக்கி, மேசைக்கும் தலைக்கும் இடையில் மரக்கட்டைகளை அடுக்கி, தலையின் எடை கட்டைகளில் அமர்ந்த பிறகே அந்தப் போல்ட்டைத் தொட வேண்டும். இன்னும் பாதுகாப்பான வழி, தூணோடு சேர்த்து இயந்திரத்தை இருவராகப் படுக்கவைத்துவிட்டுத் தலையை உருவி எடுப்பது.

குவிலை மேலே இழுக்கும் ஸ்பிரிங், கடிகார ஸ்பிரிங் போலச் சுருட்டப்பட்டுத் தலையின் பக்கத்தில் வட்டமான மூடிக்குள் அடங்கியிருக்கும். அந்த மூடியின் நட்டை ஒரேயடியாகக் கழற்றினால் மூடி வேகமாகச் சுழன்று, ஸ்பிரிங்கின் கூர்விளிம்பு கையை வெட்டிவிடும். தடித்த கையுறையும் கண்ணாடியும் அணிந்து, மூடியை இறுகப் பிடித்துக்கொண்டு நட்டைச் சற்றே தளர்த்தி, மூடியை அதன் பள்ளத்திலிருந்து விடுவித்து, அரைச் சுற்று அரைச் சுற்றாக விசையை இறக்குங்கள். மொத்தம் எத்தனை அரைச் சுற்றுகள் என்று எண்ணிக் குறித்துக்கொண்டால் திரும்பப் பொருத்தும்போது அதே விசை கிடைக்கும்.

சக்கைக் கழற்றுவதில்தான் அதிகச் சேதம் நேர்கிறது. ஸ்பிண்டிலுக்குள் கூம்பு வடிவக் குழி இருந்தால் அது பெரும்பாலும் மோர்ஸ் டேப்பர். ஸ்டீபன் மோர்ஸ் 1860களில் உருவாக்கிய இந்த அமைப்பில் விட்டம் ஏறக்குறைய 20க்கு 1 என்ற அளவில் மட்டுமே குறைவதால், உராய்வே அதைப் பிடித்துக்கொள்கிறது. குவிலின் பக்கத்தில் உள்ள நீள்துளை வழியாகச் சாய்வான ஆப்பைச் செலுத்தி ஒரு தட்டுத் தட்டினால் அது விடுபடும். கீழே மரப்பலகை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், சக் மேசையில் விழக்கூடாது. ஸ்பிண்டிலின் நுனியே வெளிப்புறக் கூம்பாக இருந்தால் அது ஜேக்கப்ஸ் டேப்பர்; அதைக் கழற்ற, கவட்டை வடிவில் பிளந்த இரண்டு ஆப்புகளை எதிரெதிராகச் சக்குக்கு மேலே செலுத்தி அழுத்த வேண்டும். சில பழைய இயந்திரங்களில் சக்குக்கு மேலே மரையிட்ட வளையம் ஒன்று இருக்கும். அதைக் கீழ்நோக்கித் திருப்பினாலே சக்கைத் தள்ளிவிடும். எந்த நிலையிலும் சக்கைச் சுத்தியலால் பக்கவாட்டில் அடிக்காதீர்கள், ஸ்பிண்டில் வளைந்துவிடும்.

இறுகிப்போன திருகுகளுக்குத் துரு தளர்த்தும் எண்ணெய் இட்டு ஓர் இரவு முழுவதும் விட்டுவிடுவதே நல்லது. அவசரப்பட்டு வலிமையாகத் திருப்புவதற்கு முன் அது இடமரையா வலமரையா என்று பாருங்கள். புல்லியில் தலையில்லாத திருகான கிரப் ஸ்குரூ ஒன்றைக் கழற்றிய பிறகும் புல்லி அசையவில்லை என்றால், அதே துளையில் அடியில் இன்னொரு ஸ்குரூ இருக்கலாம். முதல் ஸ்குரூ தளராதபடி அதன் மேல் இரண்டாவதை இறுக்குவது அக்காலப் பழக்கம். இது தெரியாமல், புல்லியை உருவும் கருவியான புல்லரைப் போட்டு இழுத்து, மெல்லிய துத்தநாக வார்ப்புப் புல்லியை உடைத்துக்கொண்டவர்கள் பலர்.

துருவும் பழைய வண்ணமும்

பழைய இயந்திரங்களின் வண்ணத்தில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆகவே உலர்ந்த நிலையில் உப்புத்தாளோ கிரைண்டரோ வைத்துத் தேய்க்காமல், வண்ணம் கரைக்கும் பசையைப் பூசி, ஈரமாகவே சுரண்டி எடுத்து, கழிவைத் தனியே கட்டி அப்புறப்படுத்துங்கள். குழந்தைகள் நடமாடும் இடத்தில் இதைச் செய்யக்கூடாது. பழைய வண்ணம் உறுதியாக ஒட்டியிருந்தால் அதை எடுக்காமல் கழுவி, மெழுகு பூசிவிடுவதே என் விருப்பம். எழுபது ஆண்டு நின்ற பூச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு.

மேசை, அடித்தளம், கிளை போன்ற பெரிய வார்ப்பிரும்புப் பாகங்களின் துருவை மின்பகுப்பு முறையில் எடுக்கலாம். பிளாஸ்டிக் தொட்டியில் நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கரைத்து, துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் தகடு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் மூழ்கவைத்துவிட்டால், ஓர் இரவில் துரு கருப்பான களிம்பாக மாறித் தூரிகையால் தேய்த்தாலே போய்விடும். முனைகளை மாற்றி இணைத்தால் பாகமே கரையத் தொடங்கும். நேர்முனையில் ஒருபோதும் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தாதீர்கள், அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாக நீரில் கலக்கும். இந்த வேலையில் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் திறந்தவெளியில் செய்ய வேண்டும். தீப்பொறி அருகில் வரக்கூடாது. அலுமினியம், துத்தநாகப் புல்லிகள், ஸ்பிரிங், ஸ்பிண்டில் ஆகியவற்றை இந்தத் தொட்டியில் போடவே கூடாது. முதல் இரண்டையும் காரம் அரித்துவிடும். கடினப்படுத்திய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக ஆக்கும்.

தொட்டியிலிருந்து எடுத்த பாகத்தை உடனே கழுவி, சூடாக உலர்த்தி, எண்ணெய் தடவாவிட்டால் சில நிமிடங்களிலேயே புதிய துரு மஞ்சளாகப் படியும். தூண், குவில், ஸ்பிண்டில் ஆகிய சாணை பிடித்த பரப்புகளுக்கு மண்ணெண்ணெயில் நனைத்த மெல்லிய எஃகுப் பஞ்சே போதுமானது. அவற்றில் உப்புத்தாளைப் பயன்படுத்தினால், துருவோடு சேர்த்து நாம் காப்பாற்ற வந்த அளவையும் தேய்த்துவிடுவோம்.

ஸ்பிண்டிலும் பேரிங்கும்

பொறுமையை முழுவதும் இங்கே செலவிடுங்கள். குவிலிலிருந்து ஸ்பிண்டிலை வெளியேற்றும் முன், மேல்முனையில் உள்ள நட்டையும், பள்ளத்தில் அமரும் பூட்டு வளையமான சர்க்லிப்பையும் கவனமாக எடுத்துவிட்டு, பாகங்களை எடுத்த வரிசையிலேயே ஒரு துணியின் மேல் அடுக்கிவையுங்கள். பேரிங்குகளுக்கு இடையில் உள்ள வளையங்கள் ஒவ்வொன்றும் ஒரு காரணத்துக்காக இருப்பவை. அவற்றில் ஒன்றை விட்டுவிட்டாலும் ஸ்பிண்டில் மேலும் கீழும் ஆடும்.

பழைய பேரிங்கின் எண் அழிந்திருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்து புதியதைத் தேடலாம். இன்றைய 6202 பேரிங் 15, 35, 11 மில்லிமீட்டர். 6203 பேரிங் 17, 40, 12 மில்லிமீட்டர். 6204 பேரிங் 20, 47, 14 மில்லிமீட்டர். பழைய பேரிங்குகள் சிலவற்றில் இரு விட்டங்களும் இவற்றோடு பொருந்தினாலும் அகலம் கூடுதலாக இருக்கும். அந்த வேறுபாட்டை லேத்தில் கடைந்த வளையம் ஒன்றால் நிரப்பிவிடலாம். வளையத்தின் இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் சமரசம் கூடாது. வாங்கும்போது சி3 என்று குறிக்கப்பட்ட பேரிங்கைத் தவிர்த்து, வழக்கமான உள்ளிடைவெளி உடையதைக் கேளுங்கள். சி3 வகை சூடாகும் மோட்டார்களுக்காகச் சற்றுத் தளர்வாகச் செய்யப்படுவது. ஸ்பிண்டிலில் அந்தத் தளர்வு துளையின் வட்டத்தைக் கெடுக்கும். இருபுறமும் ரப்பர் மூடி உள்ள வகையே வீட்டுப் பட்டறைத் தூசுக்கு ஏற்றது.

பேரிங்கை ஏற்றும்போது எந்த வளையம் இறுக்கமாகப் பொருந்துகிறதோ அந்த வளையத்தின் மீதுதான் விசை செல்ல வேண்டும். ஸ்பிண்டிலின் மீது ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும் தொடும் குழாய்த் துண்டை வைத்து அழுத்துங்கள். வெளிவளையத்தில் தட்டி ஏற்றினால் விசை குண்டுகளின் வழியாகப் பாய்ந்து, அவை ஓடும் பள்ளத்தில் நுண்ணிய குழிகளை உண்டாக்கும். புதிய பேரிங் முதல் நாளிலேயே உறுமத் தொடங்கும். பேரிங்கை ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, ஸ்பிண்டிலை உறைபெட்டியில் குளிரவைத்தால் பெரும்பாலும் கை அழுத்தத்திலேயே பொருந்திவிடும். நேரடித் தீயில் மட்டும் காட்டாதீர்கள்.

பெல்ட் ஓடும் மேல் புல்லி, ஸ்பிண்டிலின் நீண்ட பல்வரிகளைப் பற்றித்தான் அதைச் சுழற்றுகிறது. அதனால்தான் குவில் இறங்கினாலும் சுழற்சி நிற்பதில்லை. பளு இல்லாமல் ஓடும்போது இந்தப் பல்வரியிலிருந்து 'கடகட' என்று ஒலி எழுவது பழைய இயந்திரங்களின் இயல்பு. கெட்டியான கிரீஸ் பூசினால் ஒலி பெரிதும் அடங்கும். இந்த ஒலியைப் பேரிங் பழுது என்று எண்ணிக் கலங்க வேண்டாம்.

எல்லாம் பொருத்தியபின், வண்ணத்தைப் பற்றி நினைப்பதற்கு முன், டேப்பரின் விலகலை மீண்டும் அளந்து குறிப்பேட்டில் எழுதுங்கள். அளவு குறையவில்லை என்றால் ஸ்பிண்டிலே வளைந்திருக்கிறது அல்லது டேப்பரின் உள்ளே முரடு எழுந்திருக்கிறது. மோர்ஸ் டேப்பரில் எழுந்த முரட்டைக் கையால் சுற்றும், துளையைச் சீராக்கும் கருவியான ரீமரை எண்ணெயிட்டு மெதுவாகச் செலுத்தி நீக்கலாம். முரட்டை மட்டும் நீக்கி நிறுத்திக்கொள்ளுங்கள், குழியைப் புதிதாகக் குடைய முயலாதீர்கள்.

மோட்டாரும் வேகமும்

துணியோ ரப்பரோ சுற்றிய பழைய மின்கம்பிகளை முழுவதும் நீக்கிவிட்டு, எர்த் இணைப்புடன் புதிய கம்பி போட வேண்டும். மோட்டாரின் கம்பிச் சுற்றுகளை, மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரால் சோதித்து, காப்பு 1 மெகாஓமுக்குக் குறைவாக இருந்தால் அதை ஓட்டாதீர்கள். மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது இயந்திரம் தானாக ஓடத் தொடங்காத வகை சுவிட்சைப் பொருத்துங்கள். மோட்டாரையே மாற்றுவதாக இருந்தால், செங்குத்தாக நிற்கும் நிலைக்கு எண்ணெய்ப் புஷ் உள்ள மோட்டார் ஏற்றதல்ல, குண்டு பேரிங் உள்ளதே வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது ஸ்பிண்டில் கடிகாரத் திசையில் சுழல வேண்டும் என்பதையும் இணைப்பதற்கு முன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பழைய சிறிய டிரில் பிரஸ்களின் உண்மையான குறை அவற்றின் மிகக் குறைந்த வேகமும் அதிகமாக இருப்பதுதான். அவற்றில் பல, மரவேலையை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. ஒரு துளைக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம்: வெட்டு வேகத்தை நிமிடத்துக்கு மீட்டரில் எடுத்து, 318ஆல் பெருக்கி, பிட்டின் விட்டத்தால் வகுத்தால் நிமிடச் சுற்றுகள் கிடைக்கும். மென் எஃகுக்கு ஹை ஸ்பீட் ஸ்டீல் பிட்டில் 25 மீட்டர் என்று கொண்டால், 6 மில்லிமீட்டர் பிட்டுக்கு ஏறத்தாழ 1,300 சுற்று, 12 மில்லிமீட்டருக்கு 660, 25 மில்லிமீட்டருக்கு 320. துருப்பிடிக்காத எஃகில் இவற்றில் பாதி போதும். நிமிடத்துக்கு 600 சுற்றுக்குக் கீழே இறங்காத இயந்திரத்தில் 25 மில்லிமீட்டர் பிட்டைப் போட்டால், பிட்டின் விளிம்பு சிவந்து மழுங்கிவிடும்.

இதற்கு இன்று பலரும் பரிந்துரைப்பது மூன்று கட்ட (த்ரீ ஃபேஸ்) மோட்டாரும், மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி அதன் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவியும். அது வசதியானதுதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதை மட்டுமே நம்புவது தவறு. கணக்கைப் பாருங்கள். 0.75 கிலோவாட், 1,440 சுற்று மோட்டார் தரும் முறுக்குவிசை ஏறத்தாழ 5 நியூட்டன் மீட்டர். மோட்டாரில் 50 மில்லிமீட்டர் புல்லியும் ஸ்பிண்டிலில் 150 மில்லிமீட்டர் புல்லியும் இருந்தால் வேகம் 480 சுற்றாகக் குறைந்து, விசை 15 நியூட்டன் மீட்டராக உயரும். இதிலிருந்து வி.எஃப்.டி. மூலம் 160 சுற்றுக்கு இறக்கினால் வேகம்தான் குறையும், விசை அதே 15ஆகவே நிற்கும். மாறாக, இடையில் இன்னொரு தண்டில் இரண்டு புல்லிகளைப் பொருத்தி மீண்டும் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால், அதே 160 சுற்றில், பெல்ட் வழுக்கலும் உராய்வும் போக, 45 நியூட்டன் மீட்டருக்குச் சற்றுக் குறைவான விசை கிடைக்கும். 25 மில்லிமீட்டர் பிட் மென் எஃகில் முன்துளை இல்லாமல் சுற்றுக்கு 0.15 மில்லிமீட்டர் இறங்க ஏறக்குறைய 30 நியூட்டன் மீட்டர் தேவைப்படும். முதல் அமைப்பில் ஸ்பிண்டில் நின்றுவிடும். இரண்டாவதில் துளை விழும். ஆகவே இடைத்தண்டுப் புல்லியை முதலில் அமையுங்கள், வி.எஃப்.டி.யை அதன் மேல் வசதிக்காகச் சேருங்கள். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் இடையில் சுவிட்ச் எதையும் வைக்காமல், கருவியின் கட்டுப்பாட்டு முனைகளிலேயே ஓட்டமும் நிறுத்தமும் அமைய வேண்டும். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் விசிறி போதிய காற்றைத் தராது, மோட்டார் சூடாகும்.

இடைத்தண்டின் தாங்கியைப் பொருத்துவதற்காகப் பழைய வார்ப்பில் புதுத் துளை போடாதீர்கள். மோட்டார் தகட்டுக்கான போல்ட்டுகளிலேயே ஒரு எஃகுத் தகட்டைப் பிணைத்து, அதன் மேல் தாங்கியை அமைத்தால், எப்போது வேண்டுமானாலும் இயந்திரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். நெடுங்காலம் ஒரே நிலையில் நின்ற பழைய வி பெல்ட் அந்த வளைவை மறக்காது. ஓடும்போது இயந்திரமே அதிரும். புதிய பெல்ட் போட்ட பிறகும் அதிர்வு இருந்தால் நேரான சட்டம் ஒன்றை வைத்துப் புல்லிகள் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

மேசையை ஏற்றி இறக்க ஒரு வழி

பல பழைய இயந்திரங்களில் மேசையை உயர்த்தப் பற்சட்டம் கிடையாது. கிளையோடு சேர்த்துப் பதினைந்து, இருபது கிலோவைக் கையால் தாங்கியபடி இறுக்க வேண்டும். தூண் உள்ளீடற்ற குழாயாக இருப்பதால் அதற்குள்ளேயே எதிர்எடையைத் தொங்கவிட்டு, தூணின் உச்சியில் ஒரு சிறு கப்பி அமைத்து, எஃகுக் கயிற்றைத் தலையின் பக்கமாக இறக்கி மேசைக் கிளையில் கட்டினால் ஒரு கையாலேயே மேசையை நகர்த்தலாம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருளை மீட்டருக்கு 15.4 கிலோ எடை இருக்கும். தூணின் நீளம் 1.5 மீட்டராக இருந்தால், ஒரு மீட்டர் உருளை உள்ளே அரை மீட்டர் மட்டுமே நகர முடியும், மேசையும் அவ்வளவே நகரும். அதே எடையை ஈயத்தில் அமைத்தால் நீளம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டராகக் குறைந்து, நகர்வு 80 சென்டிமீட்டராகக் கூடும்; ஈயத்தைக் குழாய்க்குள் அடைத்து இருமுனையும் மூடிவிடுங்கள். கயிறு அறுந்தால் மேசை விழும் என்பதால், மேசைக் கிளைக்குக் கீழே தூணில் ஓர் இறுக்கு வளையம் எப்போதும் இருக்க வேண்டும். தலைக்குக் கீழேயும் அப்படி ஒன்று இருப்பது நல்லது.

ஆழத்தைக் காட்டும் எண்ணியல் அளவுகோலைக் குவிலோடு இணைப்பது, மேசைக்கு ஒளி தரும் விளக்கு, மரவேலைக்கான துணை மேசை ஆகியவை எளிய சேர்க்கைகள், விருப்பம்போல் செய்துகொள்ளலாம். ஒன்றை மட்டும் உறுதியாக மறுக்கிறேன். மேசையில் குறுக்காக நகரும் வைஸைப் பொருத்தி, சக்கில் மில்லிங் கட்டரைப் போட்டு உலோகத்தைச் செதுக்க முயலாதீர்கள். டேப்பர் மேல்நோக்கிய அழுத்தத்தைத் தாங்கவே அமைந்தது. பக்கவாட்டு விசையும் அதிர்வும் சேர்ந்தால் சுழலும் சக் கட்டரோடு கழன்று விழும்.

வண்ணம், பொருத்துதல், சோதனை

அளவுகள் திருப்தியாக இருந்தால் இப்போது வண்ணம் பூசலாம். பிசுக்கை முழுவதும் கழுவி, சாணை பிடித்த பரப்புகளையும் பெயர்த்தகட்டையும் மறைத்து, உலோகத்துக்கான பிரைமர் ஒரு பூச்சும் எனாமல் மெல்லிய இரு பூச்சும் கொடுத்தால் போதும். வார்ப்பின் சொரசொரப்பை நிரப்பி வழவழப்பாக்க வேண்டியதில்லை. தொழிற்சாலையில் அது எப்படி வந்ததோ அப்படியே அழகாக இருக்கிறது.

பொருத்திய பிறகு மேசை ஸ்பிண்டிலுக்குச் செங்கோணமாக நிற்கிறதா என்று பார்க்க, இசட் வடிவில் வளைத்த கம்பியைச் சக்கில் பிடித்து, அதன் நுனி மேசையை உரசும் அளவுக்குக் குவிலை இறக்கிப் பூட்டி, கையால் ஒரு முழு வட்டம் சுற்றுங்கள். நுனிக்கும் மேசைக்கும் இடையில் நான்கு பக்கமும் ஒரே தாள் ஒரே இறுக்கத்தோடு உருவப்பட வேண்டும். இட வல வேறுபாட்டை மேசையைச் சாய்த்து நேராக்கலாம். முன்பின் வேறுபாடு இருந்தால் மேசைக்கும் அதன் கிளைக்கும் இடையில் மெல்லிய பித்தளைத் தகடு வைத்துத்தான் தீர்க்க முடியும். 300 மில்லிமீட்டர் வட்டத்தில் 0.1 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தால் அதற்கு மேல் முயல வேண்டாம், கைப்பிடியை அழுத்தும்போதே மேசை அதைவிடக் கூடுதலாக வளையும்.

அடித்தளத்தைத் தரையிலோ பட்டறை மேசையிலோ போல்ட் போட்டு இறுக்கியபின், மிகக் குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். பிறகு நிறுத்தி, குவிலின் கீழ்முனையில் கை வையுங்கள். இளஞ்சூடு இயல்பு, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கிறது. சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிடாமல் பாருங்கள். இயந்திரம் ஓடும்போது கையுறையோ தொங்கும் துணியோ வேண்டாம். வேலைத்துண்டை எப்போதும் வைஸிலோ கிளாம்பிலோ பிடித்தே துளையிடுங்கள். ஒரு மாதம் வேலை செய்த பிறகு பெல்ட்டை ஒருமுறை இறுக்கி, பல்வரிக்குக் கிரீஸும் தூணுக்கு மெழுகும் பூசி, டேப்பரின் விலகலை மீண்டும் அளந்து குறிப்பேட்டில் முதல் நாள் எண்ணுக்குக் கீழே எழுதுங்கள். புதிய பேரிங் சரியாக அமராதிருந்தால் அந்த எண்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.